இரவல் வாய்

பாம்பன் பாலத்தின் மேல் ரயில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த சதக் வாயை அகலத் திறந்து, ஆள்காட்டி விரலால் தன் முன்பல்லைத் தட்டிக் காட்டினான்.

"ஸார், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. என் பல்லுல பள்ளம் ஏதாச்சும் தெரியுதா?"

"வெற்றிலைக் கறைதான் தெரியுது," என்றார் வில்வநாதன், செய்தித்தாளைத் தாழ்த்தாமலே.

"அப்ப நான் குற்றவாளி இல்ல. இந்த வண்டியில ஒரு ஆளைக் கழிச்சாச்சு. இனி மிச்சப் பேரு வாயைத்தான் பாக்கணும்."

வில்வநாதன் மதுரை மேலமாசி வீதியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர். போலீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். சதக் அவருடைய உதவியாளன், கீழக்கரைக்காரன். சங்கு வியாபாரியான அவன் வாப்பா, இவன் வாயை நம்பிக் கடையை விடமுடியாது என்று வில்வநாதனிடம் கொண்டுவந்து விட்டிருந்தார். வில்வநாதனுக்கு அந்த வாய் பலமுறை உபயோகப்பட்டிருக்கிறது.

இப்போது அவர்கள் தேடிப் போவது ஒரு பல்லை.

வழக்கைக் கொண்டுவந்தவர் கேப்டன் ராஜநாயகம். ராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவில் டாக்டர். சிப்பாய்களுக்குப் பல் பிடுங்குவார், சொத்தையை அடைப்பார், பல்செட் கட்டுவார். பட்டாளத்தில் சேர வருகிறவர்களின் வாயைப் பார்த்துத் தகுதி உண்டு, இல்லை என்று சொல்வதும் அவர் வேலைதான். சீனச் சண்டை மூண்ட சமயம் ராமநாதபுரத்தில் ஆள் எடுத்தபோது, பல் பார்க்கும் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர் அவரே. கமுதிப் பக்கத்துப் பால்சாமி என்ற இளைஞனுக்குப் பல் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பால்சாமி இந்த வருஷம், அறுபத்துநாலின் தொடக்கத்தில், வடக்கே பனிமலைக் காவலில் இருந்தபோது இறந்துவிட்டான். குண்டுபட்டு அல்ல. கடைவாய்ப் பல் ஒன்று அழுகி, வீக்கம் கழுத்துக்கு இறங்கி, மூச்சு அடைத்து இறந்தான். வாயில் பாதிப் பல் பழைய சொத்தை என்று அங்கிருந்த டாக்டர் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட வாய்க்கு எப்படித் தகுதி கொடுத்தீர் என்று ராஜநாயகத்தின் மேல் விசாரணை வந்தது.

"நான் பார்த்தது அந்த வாய் இல்லை," என்று அவர் மதுரையில் வில்வநாதனிடம் சொன்னார்.

"அன்னிக்கு ஊரே திரண்டு வந்திருக்கும். ஒரு வாய் மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?"

"அன்னிக்குப் பார்த்ததுல ஒரு சொத்தைகூட இல்லாத வாய் அது ஒண்ணுதான். மேல் முன்பல் ஒண்ணோட நுனியில மட்டும் சின்னப் பள்ளம், எதையோ கடிச்சுக் கடிச்சுத் தேஞ்ச மாதிரி. பேரு கேட்டேன். பால்சாமின்னான். 'நீ பால்சாமி இல்லப்பா, பல்சாமி'ன்னு சொன்னேன். கூடாரமே சிரிச்சுது. செத்துப்போன பையனுக்கு அந்தப் பள்ளமே கிடையாதாம்."

"அப்ப அவனுக்குப் பதிலா வேற ஒருத்தன் வந்து உங்க நாற்காலியில உட்கார்ந்திருக்கான். ஆள் எப்படி இருந்தான்?"

ராஜநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "முகத்தைப் பார்க்கலை. நாங்க வாயைத்தான் பார்க்கிறது."

துப்பாகக் கையில் இருந்தது அந்தப் பள்ளம். கூடவே ஒரு சொல். கடைசி நேரத்தில் பால்சாமி 'தனுஷ்கோடி, தனுஷ்கோடி' என்று திரும்பத் திரும்ப முனகினானாம். பக்கத்தில் இருந்த டாக்டர் வடக்கத்திக்காரர். புண்ணிய தலத்தை நினைத்துக்கொண்டு போகிறான் என்று அவர் கைகூப்பியிருக்கிறார்.

வில்வநாதன் இரண்டையும் கூட்டிப் பார்த்தார். பல்லில் பள்ளம் விழ வேண்டுமென்றால் தினமும் நூலைக் கடிக்க வேண்டும். நூலைக் கடிப்பவன் தையல்காரன். ஊர் தனுஷ்கோடி. ஆகவே தனுஷ்கோடியில் ஒரு தையல்காரன்.

"ரொம்ப லேசா இருக்கே ஸார்," என்றான் சதக், ரயில் பாலத்தைத் தாண்டியதும். "லேசா இருக்கிற வழக்குல எல்லாம் எனக்குத்தான் அடி விழும்."

"அடி விழாம பல்லைப் பார்க்க வழி சொல்லு."

"பல்லைக் காட்டுன்னா சண்டைக்கு வருவாக. சிரிக்க வச்சா தானாக் காட்டுவாக. அதை என்கிட்ட விடுங்க."

தனுஷ்கோடியில் காற்று மணலை வாரிக் கடைகளுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. இலங்கைக் கப்பலுக்குப் போகிறவர்களும் தீர்த்தமாட வந்தவர்களும் கலந்து நடந்தார்கள். சதக் முதல் தையல் கடையில் ஏறி, தன் சட்டையைக் கழற்றி நீட்டினான்.

"அண்ணாச்சி, இதுல ரெண்டு பை வைக்கணும். ஒண்ணு காசு வைக்க. இன்னொண்ணு, காசு இல்லைன்னு ஆளுகளுக்குக் காட்ட."

தையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். வெற்றிலைச் சாறு தெறித்தது. பல்லில் பள்ளம் இல்லை. அடுத்த கடைக்காரருக்கு முன்பல்லே இல்லை, பல ஆண்டுகளாகவே இல்லை. கடைசிக் கடையில் இருந்தவர் மட்டும் உதட்டைப் பிரிக்காமல் சதக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சதக் இன்னொரு வேடிக்கை சொன்னான். அவர் அசையவில்லை. வில்வநாதனின் முதுகு நிமிர்ந்தது.

"ஏன் சிரிக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார்.

"என்னத்தச் சிரிக்க? இதெல்லாம் எங்க அய்யா காலத்துக் கதை," என்று சொல்லிவிட்டு அவர் கொட்டாவி விட்டார். எல்லாப் பல்லும் தெரிந்தன. ஒன்றிலும் பள்ளம் இல்லை.

வெளியே வந்ததும் சதக் சட்டையை மாட்டிக்கொண்டான். "பள்ளமும் இல்ல, மரியாதையும் இல்ல. கடல்ல குளிச்சுட்டுப் போயிருவமா ஸார்?"

வில்வநாதன் கடைசித் தையல்காரரின் கழுத்தில் நாடா கட்டித் தொங்கிய கத்தரிக்கோலைத் திரும்பிப் பார்த்தார். கத்தரிக்கோல் தொங்குகிறவன் நூலை எதற்குக் கடிக்கிறான்? பிறகு கடற்கரைப் பக்கம் பார்த்தார். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து சிலர் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்து, ஒரு கையில் கண்ணியைப் பிடித்து, மறுகையில் ஊசியை ஓட்டி, முடிச்சு விழுந்ததும் குனிந்து நூலைப் பல்லால் வெட்டினார்கள்.

"சதக், ரெண்டு கையும் வேலையில மாட்டிக்கிட்டவனுக்கு மூணாவது கை எது?"

சதக் பார்த்தான். "வாய்," என்றான்.

கப்பல் துறைக்குப் போகிற வழியில் நாகலெட்சுமி என்ற அம்மாள் இட்லிக் கடை வைத்திருந்தாள். அவள் புருஷனுக்கு ஒரு வள்ளம் இருந்தது. கடைக்குப் பின்னால் கிழிந்த வலைகள் குவிந்து கிடந்தன. சதக் இட்லியைப் பிட்டுக்கொண்டே பேச்சைத் தொடங்கினான்.

"ஏன்க்கா, வலையெல்லாம் இப்படிக் கிழிஞ்சு கெடக்கே. பொத்த ஆள் இல்லையா?"

"தனுஷ்கோடி இருந்தா இம்புட்டும் ஒரு பொழுதுல முடிச்சிருப்பான். அவன் இங்கன வந்தே மாசக்கணக்காச்சு."

சதக் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். "தனுஷ்கோடி வரலையா? நாம உக்காந்திருக்கிறதே தனுஷ்கோடியிலதானக்கா."

"ஊரைச் சொல்லலை தம்பி. ஆளைச் சொல்றேன். காலு ஒண்ணு சூம்பிப்போன பய. பாம்பன்ல இருக்கான். வலைக்கு அவனை விட்டா ஆளில்ல. சிரிச்சான்னா பாக்க அழகா இருக்கும், அப்பிடிப் பல்லு."

வில்வநாதன் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"அக்கா, அவருக்குக் கமுதிப் பக்கத்துல பால்சாமின்னு யாரும் சிநேகிதம் உண்டா?" என்று கேட்டார்.

"பால்சாமியா? சண்டையில குண்டுபட்டுச் செத்தானே, அந்தப் பயலா? ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவாகளே. பாம்பன்ல கருவாட்டுக் கொட்டகையில வேலைக்கு வந்த பய. பாவம், நாட்டுக்காகப் போயிட்டான்."

குண்டுபட்டு என்று ஊர் நம்புவதை வில்வநாதன் காதில் வாங்கினார். அதை நின்று யோசிக்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டது என்ற பரபரப்பில் இருந்தார்.

திரும்புகிற ரயிலில் சதக் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டான். "வடக்கத்தி டாக்டர் புண்ணியத்துல நாம ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டோம். ஆளுக்குல்ல எடுத்திருக்கணும். ஸார், என்னைத் தேடி வந்தா கீழக்கரைக்கு வருவாக. இவனைத் தேடி வந்தா எங்க போவாகன்னு அவன் அம்மா பேரு வைக்கும்போதே யோசிச்சிருக்கா."

வில்வநாதன் அதற்குச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் கடைசி.

பாம்பனில் படகுகளைக் கரையேற்றிப் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே நாலைந்து பேர் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒருவன், சூம்பிய காலை மடக்காமல் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும். மூக்குக்குக் கீழே துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தான்.

"என்ன மாப்ளே, வாய்க்குள்ள யாரையும் குடி வச்சிருக்கியா? இப்பிடிக் கதவைச் சாத்தியிருக்க," என்றான் சதக்.

அவன் ஏறிட்டுப் பார்த்தான். முடிச்சைப் போட்டுவிட்டு, மடியிலிருந்த சின்னக் கத்தியை எடுத்து நூலை அறுத்தான். மறுபடி ஊசியை ஓட்டினான். மறுபடி கத்தியைத் தேடி எடுத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பல்லால் கடித்து வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வில்வநாதனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அந்த நொடிதான் அவருக்குத் தொழிலில் பிடித்தமானது. குரலை உயர்த்தினார். கொட்டகையில் இருந்தவர்கள் காதில் விழவேண்டும் என்றே உயர்த்தினார்.

"தனுஷ்கோடி, பல்லை எப்போ பிடுங்கினே?"

ஊசி நின்றது.

"பட்டாளத்தையே ஏமாத்தின பல்லு அது. பால்சாமிக்குப் பதிலா நாற்காலியில உட்கார்ந்தவன் நீ. அவன் குண்டுபட்டுச் சாகலை. சொத்தைப் பல்லு சீழ் பிடிச்சு, தொண்டை அடைச்சுச் செத்தான். விசாரணைன்னு வந்தா பல்லு சாட்சி சொல்லும்னு பயந்து பிடுங்கி எறிஞ்சுட்டே, இல்லையா?"

கொட்டகையில் இருந்தவர்கள் கைவேலையை விட்டுத் திரும்பினார்கள். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். தனுஷ்கோடி துண்டை அவிழ்த்தான். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. மற்றவை வெள்ளை வெளேரென்று இருந்தன.

"மெதுவாப் பேசுங்க சார்," என்றான். பல் இல்லாத இடத்தில் சொற்கள் வழுக்கி விழுந்தன. "அங்கன ஆத்தா இருக்கு. பால்சாமியோட ஆத்தா. அது காதுல விழுந்துரும்."

வில்வநாதன் திரும்பினார். காயும் மீனுக்கு நடுவே ஒரு நடுத்தர வயதுப் பெண், கையில் கூடையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

தனுஷ்கோடி கம்பை ஊன்றி எழுந்தான். படகுகளுக்குப் பின்னால் நிழலாக இருந்த இடத்துக்கு அவர்களைக் கூட்டிப்போனான். சதக் அவன் நடப்பதைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான்.

"என் வாய்தான் சார்," என்றான் தனுஷ்கோடி. "அவனுக்கு உடம்பு இரும்பு. பல்லு மட்டும் மோசம், சின்ன வயசுலருந்தே வலிதான். எனக்குப் பல்லு நல்லாருக்கும், காலு வெளங்காது. ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு பட்டாளத்துக்காரன்னு சொல்லிச் சிரிப்போம். பல்லு சரியில்லைன்னா எடுக்க மாட்டாகன்னு ஆளு எடுக்கிற அன்னைக்குக் கூட்டத்துல சொன்னாக. அவன் கையில கட்டியிருந்த நம்பர் துணியை அவுத்து நான் கட்டிக்கிட்டேன். ஆளுக தோளைப் பிடிச்சுப் பிடிச்சே கூடாரத்துக்குள்ள போயி நாற்காலியில உக்காந்துட்டேன். டாக்டரு என்னைப் பல்சாமின்னாரு. ஊரு வந்து சேர்ற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்."

"மாட்டிக்குவோம்னு தோணலையா?"

"உள்ள போயிட்டா பல்லு வைத்தியம் சும்மாப் பாப்பாக, எல்லாம் சரியாப் போகும்னு நெனச்சோம். அங்க போன பெறகு அவனுக்குப் பயம் வந்திருக்கு. வாயைத் தொறந்தா குட்டு வெளிப்பட்டுரும், என்னையும் பிடிச்சுக்கிட்டுப் போயிருவாகன்னு. பல்லு டாக்டர் வண்டி வர்ற அன்னைக்கெல்லாம் சமையக்கட்டு வேலையைக் கேட்டு வாங்கிக்குவானாம். வலி வந்தா உப்புத் தண்ணியாம், கிராம்புத் தைலமாம். அவங்கூட இருந்த திருவாடானைக்காரப் பையன் வந்து சொன்னான்."

"ஆத்தாவுக்கு?"

"குண்டுபட்டான்னு சொல்லிட்டான். அந்தப் பையன் நல்லவன். எங்கிட்ட மட்டுந்தான் உள்ளதைச் சொன்னான். ஊருலயும் அப்பிடியே நம்பிட்டாக. போறப்ப வாரப்ப ஆத்தாவைக் கும்பிட்டுட்டுப் போறாக."

வில்வநாதன் தொண்டையைச் செருமினார். "பல்லை எதுக்குப் பிடுங்கினே?"

"மறைக்கிறதுக்கு இல்ல சார். யாரு வருவாகன்னு நான் மறைக்கப் போறேன்? இதைக் காட்டித்தான அவனை அங்க அனுப்புனேன். சோத்தைக் கடிச்சாலும் அவன் ஞாபகம். சிரிச்சா அந்த டாக்டரு சொன்னது ஞாபகம். வாயில வச்சுக்கிட்டு இருக்க முடியலை. ராமநாதபுரம் போயி முன்பல்லு ரெண்டையும் பிடுங்கிட்டு வந்தேன். நல்ல பல்லை எதுக்குடா பிடுங்கச் சொல்றேன்னு அங்க இருந்த பல்லு டாக்டரு திட்டுனாரு."

மணலில் காலடி கேட்டது. கூடையைப் போட்டுவிட்டு அந்தப் பெண் வந்திருந்தாள். பஞ்சம்மாள் என்று அவளே சொன்னாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"ஏய்யா, இவனை எங்கன கூட்டிட்டுப் போகப் போறிய?"

"விசாரிக்கத்தான்மா வந்தோம்."

"அப்ப என்னைய விசாரிங்க. வாயைக் குடுத்தவன்தான் இவன். கேட்டவ நானு."

"ஆத்தா, நீ சும்மா இரு," என்றான் தனுஷ்கோடி.

"நீ சும்மா இரு. எம்புட்டு நாளைக்கு நீயே சுமப்ப?" அவள் வில்வநாதன் பக்கம் திரும்பினாள். "கமுதிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மொளகாக் காடு. மழையில்லாமப் போயி அவுக அப்பாவும் போன பெறகு இங்கன வந்தோம். பட்டாளத்துல சோறு நல்லாப் போடுவாக, பல்லுக்குக்கூட டாக்டரு வச்சிருக்காகன்னு கேள்விப்பட்டேன். எம் மகன் ராத்திரியில வலி தாங்காம செவுத்துல கன்னத்தை வச்சுத் தேப்பான். அங்க போனா நல்லாயிருவான்னு நெனச்சேன். இவன் முதல்ல மாட்டேன்னுதான் சொன்னான். உன் வாயை ஒரு நாளைக்குக் குடுய்யா, எம் பிள்ளை பொழச்சுக்கிடுவான்னு நான்தான் கெஞ்சுனேன்."

சதக் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"நான் சத்தம் போட்டுப் பேசிட்டேன்," என்றார் வில்வநாதன். "நீங்க குண்டுன்னு நம்பிக்கிட்டு இருந்தீங்க. இப்படித் தெரிய வந்திருக்கக் கூடாது."

"எனக்கு இப்பத்தான் தெரியும்னு நெனைக்கிறீகளா?"

தனுஷ்கோடி அவளையே பார்த்தான்.

"அந்தப் பட்டாளத்துக்காரத் தம்பி குண்டுன்னுதான் சொல்லுச்சு. பெட்டியைக் குடுத்துட்டுப் போச்சு. தொறந்து பாத்தேன். துணிமணிக்கு அடியில பூராவும் கிராம்புத் தைலக் குப்பி. எல்லாம் காலி. பெத்தவளுக்கு அதுக்கு மேல யாரு வந்து சொல்லணும்?"

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே ஆத்தா."

"சொன்னா நீ தாங்க மாட்ட. குண்டுன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன். பல்லைப் பிடுங்கிட்டு வந்து ஈறு வீக்கம்னு சொன்ன. நானும் சரிய்யான்னு கஞ்சியைக் கரைச்சுக் குடுத்தேன்."

தனுஷ்கோடி மணலில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்குத் தெரியக் கூடாதென்று அவன் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியக் கூடாதென்று அவளும் பேசாமல் இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே குடிசையில், ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் கஞ்சி குடித்திருக்கிறார்கள்.

கொட்டகைப் பக்கமிருந்து ஆட்கள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் பாம்பன் முழுவதும் தெரிந்துவிடும். நாளைக்கு அவளைக் கும்பிடுகிறவர்கள் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் வேறு மாதிரி பார்ப்பார்கள். கால் விரலால் மணலைக் கீறிக்கொண்டு நின்ற வில்வநாதனுக்கு, தன் குரல் அந்தக் கொட்டகையில் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு சந்தோஷமாக ஒலித்தது என்பது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வாங்க ஸார், போயிரலாம்," என்றான் சதக் மெதுவாக.

போக விடாதவன் தனுஷ்கோடிதான். "அந்த டாக்டரு எங்க இருக்காரு சார்? நான் செஞ்சதுக்கு அவரு எதுக்குப் பழி சுமக்கணும்? வந்து சொல்றேன்."

கேப்டன் ராஜநாயகம் மண்டபத்தில் தன் தமக்கை வீட்டில் தங்கியிருந்தார். பஸ் இல்லை, ரயிலில்தான் பாலத்தைத் தாண்ட வேண்டும். நாலு பேரும் போனார்கள். ஓடுகிற வண்டியில் தனுஷ்கோடி நிலைகுலைந்தபோது சதக் அவன் அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டான். இறங்குகிற வரையில் அந்தக் கையை எடுக்கவில்லை.

ராஜநாயகம் வாசலுக்கு வந்தார். வில்வநாதன் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் தனுஷ்கோடி துண்டை அவிழ்த்து, அண்ணாந்து வாயைத் திறந்து காட்டினான், நாற்காலியில் உட்கார்ந்தவனைப் போல.

"மூடிக்கோ தம்பி," என்றார் ராஜநாயகம். "வாயை அன்னிக்கே பார்த்தாச்சு."

அவனுடைய முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தச் சூம்பிய காலைப் பார்த்தார். தான் நாற்காலியில் இருந்து ஒருமுறை எழுந்து நின்றிருந்தால் இந்தக் காலைப் பார்த்திருக்கலாம் என்று அவர் நினைப்பது தெரிந்தது.

"எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போடுறேன்," என்றான் தனுஷ்கோடி. "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் சார். முன்னாடியே உங்க ஆளுககிட்ட அவன் வாயைத் தொறந்து காட்டியிருந்தா, பொழச்சிருப்பானா?"

பஞ்சம்மாள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ராஜநாயகம் தூணில் கையை வைத்துக்கொண்டார்.

"இல்லை," என்றார். "அது பல்லுல வந்த வியாதி இல்லப்பா. ரத்தத்துல இருந்தது, வாய் வழியா வெளிய தெரிஞ்சுது. அவன் பட்டாளத்துக்கே போகாம பாம்பன்ல இருந்திருந்தாலும் வந்திருக்கும். எந்த டாக்டராலயும் காப்பாத்தியிருக்க முடியாது. நீ வாயைக் குடுத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. நீங்க கேட்டதுக்கும் இல்லம்மா."

தனுஷ்கோடி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பஞ்சம்மாள் அழவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நம்பினாளா என்று வில்வநாதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் தனுஷ்கோடி நம்பினான். அது போதும் என்பதுபோல அவள் அவன் தலையில் கையை வைத்தாள்.

"நல்லா இருங்கய்யா," என்று டாக்டரிடம் சொன்னாள்.

கையெழுத்து எதுவும் வாங்காமலே ராஜநாயகம் அவர்களை அனுப்பிவைத்தார். சதக் ரயிலடி வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தான். வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"டாக்டர், நீங்க சொன்னது நெசந்தானா?"

"இல்லை."

"காட்டியிருந்தா?"

"ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தாப் போதும். உட்கார வச்சுப் பிடுங்கிட்டு, மறுநாள் பரேடுக்கு அனுப்பியிருப்போம். சேர்ந்த பிறகு சொத்தைப் பல்லுக்காக எவனையும் வீட்டுக்கு அனுப்புறதில்லை. எப்படிச் சேர்ந்தேன்னு கேக்கக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. வலிக்குதுன்னு சொன்னாப் பார்க்கத்தான் எங்களை வச்சிருக்காங்க." ராஜநாயகம் நிறுத்தினார். "அவன் எங்களைப் பார்த்துத்தான் பயந்திருக்கான்."

சதக் முற்றத்துப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"உங்க விசாரணையில என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் வில்வநாதன்.

"முகத்தைப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு சொல்லப் போறேன். அது உண்மைதானே. நீங்க ஆள் கிடைக்கலைன்னு எழுதிக் குடுங்க."

"இருக்கிற வேலை போயிருமே டாக்டர்."

"போகட்டும்."

தன் தொழிலில் எந்த வழக்கிலும் வில்வநாதன் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. பேனாவைத் திறந்து, விளக்குக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, 'எவ்வளவு தேடியும் ஆள் கிடைக்கவில்லை' என்று எழுதினார். தன் பெயரை எழுதும்போது மட்டும் கை சற்று நின்றது. பிறகு எழுதி முடித்து, ராஜநாயகத்தின் முகத்தைப் பார்க்காமலே காகிதத்தை நீட்டினார்.